கரையாத பனிக்கட்டி

என் தங்கைக்கும் எனக்கும் தாய்வயிறு ஒன்று. ஆயினும் என் இரத்தம் அவளுக்குச் சேராது என்று, பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில், மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் சொன்னார்கள். சொன்னவர் அங்கே இரத்தம் பரிசோதிக்கும் ஊழியர். என் விரல்நுனித் துளியைக் கண்ணாடிச் சில்லில் கலக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பாசிட்டிவ். அவங்களுக்கு வேண்டியது நெகட்டிவ். நீங்க எழுந்துக்கலாம்," என்றார். நான் எழவில்லை. ஒரே முலைப்பால் உண்டு வளர்ந்தவர்களின் உடலுக்குள் ஓடுவது வேறு வேறாக இருக்கக்கூடும் என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இன்னொரு தரம் பார்க்கும்படி கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தரமும் பார்த்தார். துளி மாறவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வேலந்தாவளத்துக்கு அருகே எங்களுக்கு நிலம். தங்கையை மூணாற்றுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபாக்டரி கிளார்க்காக இருந்தவருக்குக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது எங்கள் வழக்கம். அவள் இரத்தம் அரிய வகை என்று கண்ட தோட்டத்து டாக்டர், நிறைமாதத்தில் பஸ்ஸில் மலை இறங்க வேண்டாமென்று தடுத்துவிட்டார். தாய் இல்லாத வீட்டுக்கு வந்து அவள் என்ன காணப்போகிறாள் என்று நானும் சும்மா இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு விடியலில் போலீஸ் ஒயர்லெஸ் வழியாகச் செய்தி வந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, குழந்தை நலம், தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை, அவ்வகை இரத்தமுடைய ஒருவர் தோட்டத்தில் இருந்தார், அவரும் கொடுத்தாயிற்று, இனி அங்கே ஆளில்லை, மண் சரிந்து பாதையும் இல்லை. செய்தி அவ்வளவுதான்.

என் பின்னால் நின்றிருந்த மாமன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, நான் எழுந்ததும் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அவர் என் தாயின் தம்பி. வேலந்தாவளம் மாட்டுச்சந்தையில் குச்சி ஐசு விற்பவர். சந்தைக்கு வரும் மாட்டுத் தரகர்களும் வண்டிக்காரர்களும் அவரை ஐசுக்கார மாமன் என்றே அழைப்பார்கள். அவருடைய துளியைப் பார்த்த ஊழியர் தலைநிமிர்ந்து, "சேருதுங்க," என்றார்.

மாமன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா மாப்ளே? காது குத்துனப்ப என்ற மடியில உக்காந்து என்ற சட்டைய நனைச்சுப்போட்டவ அவ. அன்னைக்கே ஒட்டிக்கிச்சு." பிறகு ஊழியரிடம், "எடுங்க தம்பி, எத்தன வேணுமோ எடுங்க. இதும் மாமன் சீர்தானுங்க," என்றார்.

"ஒரு புட்டிக்கு மேல எடுக்க மாட்டமுங்க."

"ஏனுங்க, சீர்ல கஞ்சத்தனம் பண்ணச் சொல்றீங்களா?"

படுத்தபடியே அவர் சிரித்தார். கண்ணாடிப் புட்டியில் அவர் இரத்தம் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் என்னும் உறவைச் சடங்குகளில் முதலிடம் கொடுத்து நாங்கள் போற்றுகிறோம். அந்த முதலிடம் வெறும் மரியாதைக்கு அன்று என்று அப்போது எனக்குத் தோன்றியது. பொறாமையும் தோன்றியது, அதையும் சொல்லவேண்டும்.

ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் அவ்வகையில் ஒரு புட்டி ஏற்கனவே இருந்தது. அங்கே வேலை செய்த நர்சம்மா ஒருவர் ஒரு புட்டி கொடுத்தார். நான்காவது புட்டிக்கு, எப்படியோ செய்தி கேட்டு, பஸ் கண்டக்டர் ஒருவர் காக்கிச் சட்டையோடும் தோளில் போட்ட தடித்த துவாலையோடும் வந்து சேர்ந்தார். அவருக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கும் அவரைத் தெரியாது. கையை நீட்டிக்கொண்டே, "இத்தன வருஷமா எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சுக் கொடுத்தவன் நான். என்ற ரத்தம் டிக்கெட் இல்லாம மலையேறப் போகுது. செக்கிங் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்," என்று என்னிடம் சொன்னார்.

அதற்குள் ஹெலிகாப்டருக்கு ஏற்பாடாகிவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்து விமானத் தளத்திலிருந்து அது வந்து கோட்டை மைதானத்தில் இறங்கும். மழை இடைவெளி நீடித்தால் மட்டுமே மலைக்குப் போகும். உடன் செல்ல ஒருவருக்குத்தான் இடம். இரத்தம் கொடுத்தவர்கள் களைத்திருந்தார்கள். கொடுக்க முடியாதவன் நான் ஒருவன். ஆகவே கொண்டுபோகும் பணி எனக்கு வந்தது. அதையாவது அருளினாயே என்று மனத்துக்குள் கைகூப்பினேன்.

"இதுல ஒரே விஷயம்தான்," என்று பெரிய டாக்டர் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். "இரத்தம் சூடேறினா கெட்டுப்போகும். மலை போய்ச் சேர்ற வரைக்கும் குளிர்ச்சி விடக்கூடாது. ஐஸ் புட்டிமேல நேரா படக்கூடாது, துணி சுத்தி வைங்க. வழியில மூடியைத் திறக்கவே கூடாது."

இரத்தம் எடுத்துப்போகும் ஆஸ்பத்திரிப் பெட்டி வேறு ஊருக்குப் போயிருந்தது. அப்போது மாமன் தம் ஐசுப் பெட்டியை முன்னே இழுத்து வைத்தார். சந்தைக்கென்று வீட்டிலிருந்து கிளம்பியவர், செய்தி கேட்டு அதையும் சுமந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். வெளியே தேக்குப் பலகை, உள்ளே தகரம், இரண்டுக்கும் நடுவே திணித்த உமி. டாக்டர் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். ஐசு ஃபாக்டரியிலிருந்து பனிக்கட்டிப் பாளம் வந்தது. ஊழியர் புட்டிகளைத் துணியில் சுற்றினார். மூன்று புட்டிகளோடு துணி தீர்ந்துபோயிற்று. கடைசியாக எடுத்த கண்டக்டரின் புட்டியை அவருடைய துவாலையிலேயே மடித்து மடித்துச் சுற்றி வைத்தார். பனிக்கட்டியை உடைத்துப் போட ஊழியர் குனிந்தபோது மாமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரத்தம் உங்க பாடு. ஐசு என்ற பாடு. சித்திர வெயில்ல, சந்தைக்கு நட்ட நடுவுல, குச்சி ஐசு இளகாம நிக்க வெச்சவன் நானுங்க. போயி மத்த வேலையப் பாருங்க."

அவர் போனார். நான் மைதானத்துக்குப் போகும் வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனேன். திரும்பியபோது மாமன் மூடியை அழுத்தி மூடி, கயிறு கட்டி முடிச்சிட்டிருந்தார். "இனி நீ நாளைக்குப் போய்த் திறந்தாலும் கல்லாட்டம் இருக்கும்," என்றார். கயிற்றின் மேல் அவர் கை சற்று நேரம் தங்கியது. குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல இருந்தது அது.

ஹெலிகாப்டரில் பேச்சு கேட்காது. வடநாட்டு வீரர் ஒருவர் என் இடுப்பில் பட்டையைப் பூட்டினார். பெட்டியை மடியில் வைத்து இரு கைகளாலும் தழுவிக்கொண்டேன். கீழே நெல்வயல்கள் நீர் நிறைந்து கண்ணாடித் துண்டுகள்போல் கிடந்தன, பிறகு காடு, பிறகு முகிலுக்கு நடுவே கரும்பாறை. மழையில் உரிந்து சிவப்பாய்க் கிடந்த மலைச்சரிவுகளை மேலிருந்து பார்க்கையில், பூமிக்கும் குருதி ஒழுகுகிறது என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை அஞ்சி விலக்கினேன். மார்கழி விடியல்களில் நானும் தங்கையும் சேர்ந்து பாடிய பதிகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உதடு அசைவதைக் கண்ட அந்த வீரர் எனக்குக் குமட்டுகிறதென்று எண்ணி ஒரு காகிதப் பையை நீட்டினார். நான் தலையசைத்துக் கைகூப்பிக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு, தாமும் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

போகப்போக, பலகையையும் உமியையும் வேட்டியையும் கடந்து பெட்டியின் தண்மை என் தொடையில் ஏறியது. தொடை மரத்தது. அது எனக்கு ஆனந்தமாக இருந்தது. குளிர்ச்சி விடவில்லை, குளிர்ச்சி விடவில்லை என்று பதிகத்தின் இடையிடையே சொல்லிக்கொண்டேன். தலையில் தண்புனலும் கையில் தழலும் ஏந்தியவனை நாம் பாடுகிறோம். அன்று நான் புனலை மட்டும் நினைத்தேன்.

தோட்டத்து ஃபுட்பால் மைதானத்தில் இறங்கினோம். கம்பளி போர்த்திய ஆண்களும் பெண்களும் மழைக்கு நின்றிருந்தார்கள். இறங்கியவுடன் என் கால் வழுக்கியது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி என் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, நீங்க சமவெளிக்காரக, விழுந்துருவீக. பெட்டிய எங்க ஆளுககிட்ட குடுங்க."

"நானே கொண்டாறனுங்க அம்மா."

"நாங்க என்ன முழுங்கியா போடுவோம்? எங்க டீச்சரக்கா ரத்தம்லா அது."

மாலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்ததால் தங்கைக்கு அங்கே அந்தப் பெயர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். நால்வர் பெட்டியைத் தோளேற்றினார்கள். உற்சவ மூர்த்தி வீதி வருவதுபோல, வழி நெடுக நின்றவர்கள் அதைக் கும்பிட்டார்கள்.

தோட்டத்து டாக்டர் மலையாளி. கயிற்றை அறுத்து மூடியைத் தூக்கினார். மேலே பனிக்கட்டி சற்றும் குறையாமல், வெண்ணிறமாய், காய்ந்த சுண்ணாம்புபோல் இருந்தது. எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. மாமன் சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று எண்ணினேன்.

டாக்டர் முதல் புட்டியை எடுத்தார். துணி புட்டியோடு ஒட்டிக்கொண்டு மரப்பட்டைபோல் விறைத்திருந்தது. அதை உரித்தபோது கண்ணாடியில் நீள விரிசல் தெரிந்தது. உள்ளே சிவப்புப் பனி. அடுத்த இரண்டிலும் விரிசல் காணவில்லை. அவற்றை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். நல்ல இரத்தம் அசையாமல் நின்றால் அணுக்கள் அடியில் படிந்து, மேலே வைக்கோல் நிறத் தெளிவு நிற்குமாம். இவற்றில் மேலும் கீழும் ஒரே சிவப்பு, குங்குமம் கரைத்த நீர்போல. அவர் புட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்திருந்தார். பின்பு பெட்டியின் அடியில் தேங்கிய நீரில் விரலைத் தொட்டு நாவில் வைத்தார்.

"உப்பு," என்றார். "இதில ஆரு உப்பு இட்டது?"

எனக்கு அக்கணமே விளங்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு காலையிலும் மாமன் செய்த காரியம் அது. குச்சி ஐசை நடுவே அடுக்கி, சுற்றிலும் பனிக்கட்டியை உடைத்துப் போட்டு, பெட்டியோடேயே வைத்திருக்கும் கல்லுப்பை மேலே தூவுவார். அப்படிச் செய்தால் நடுவே இருப்பது இளகாது. குளிர்ச்சி விடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அதை மாமனைவிடக் கருத்தாகக் கேட்டவர் அந்த அறையில் இல்லை.

"தெரியலீங்க," என்றேன்.

"ரக்தம் தணுப்பாயிட்டு இருக்கணும். உறைஞ்சு போகக்கூடாது. உப்புச் சேர்ந்தா ஐஸ் இன்னும் கடும் தணுப்பாகும், உள்ளே அணுவெல்லாம் வெடிச்சுப் பொட்டிப்போகும். இதை ஏத்தினா விஷம் ஏத்தின போலத்தான்." பெரிய மூச்சொன்று விட்டு, துவாலையில் சுற்றிய நான்காவது புட்டியை எடுத்தார். மடிப்பை ஒவ்வொன்றாக விரித்தார். அது உறையவில்லை. நிற்கவைத்தபோது மேலே வைக்கோல் நிறத் தெளிவு மெல்லப் பிரிந்தது. "இது ஒண்ணு கொள்ளாம், இது ஆகும். ஒண்ணே ஒண்ணு."

முன்பின் தெரியாத கண்டக்டரின் இரத்தம் என் தங்கையின் கைக்குள் இறங்கத் தொடங்கியது. வெளுத்த வாழைத்தண்டுபோல் கிடந்தவளுக்கு உதட்டில் நிறம் வந்தது. மேலும் இரத்தம் வேண்டுமென்று டாக்டர் மறுபடி செய்தி அனுப்பினார். ஆனால் எங்களை இறக்கிவிட்டுப் போன ஹெலிகாப்டருக்குப் பின்னால் மூடுபனி கதவடைத்துவிட்டது. அது மீண்டும் விலகவில்லை.

கண் திறந்ததும் தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு மேலே தொங்கிய புட்டியைப் பார்த்தாள்.

"யாருதுங்கண்ணா? உங்களுதா?"

"என்றது சேரலியாம் அம்மிணி."

"அப்ப மாமனுதா?"

அவள் கண்ணில் ஒரு சிறு சிரிப்பு வந்தது. நான் ஆமென்று தலையாட்டினேன்.

"அதான் ஐசாட்டம் சில்லுன்னு ஏறுது," என்றாள். சற்றுக் கழித்து, "ஏதாச்சும் பாடுங்கண்ணா," என்றாள். நான் பாடினேன். சுருதி எங்கோ போயிற்று. அவள் கண்ணை மூடியபடியே, "பண்ணு தப்புதுங்கண்ணா. சாமி எந்திரிச்சுப் போயிரும்," என்றாள். தங்கையின் கணவர் குழந்தையைக் கொண்டுவந்து அவள் கன்னத்தோடு வைத்தார். அந்தக் கன்னத்தின் சூட்டில் குழந்தை உறங்கியது. ஒரு புட்டி இரத்தம் வாங்கிக் கொடுத்த காலம் அவ்வளவே. மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் போய்விட்டாள்.

பாதை திறந்தபின் ஊர் திரும்பினேன். கருமாதி முடிந்து பந்தல் பிரிக்கும்போது மாமன் என் அருகில் வந்து அமர்ந்தார்.

"ஐசு பத்துச்சா மாப்ளே?"

"பத்துச்சுங்க மாமா."

"கரையலியே?"

"கரையலீங்க."

அவர் நீளமாகத் தலையசைத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அதன்பின் அதையே சொன்னார். "நம்மளால ஆனதச் செஞ்சோமுங்க. என்ற ஐசு பத்துச்சு. அவ ஆயுசுதான் பத்தல." சந்தையிலும் சொன்னார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் அவர் எழுந்து நடமாடினார். அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. உண்மை என்னோடு எரிந்து நீறாகட்டும் என்றிருந்தேன். இரத்தம் சேராத உடன்பிறப்பு தங்கைக்குச் செய்யக்கூடியது வேறு என்ன என்றும் நினைத்தேன். அவள் நேசித்தவரை நோகாமல் காப்பதுதான்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு சந்தை நாளில், உழவு மாட்டுக்கு விலை பேசிவிட்டு மாமன் கடையருகே நின்றிருந்தேன். ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த ஊழியர். பழையவர் மாற்றலாகிப் போயிருந்தார். பீர்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிலாளி ஒருவர்மேல் மரம் விழுந்துவிட்டதென்றும், இரத்தம் ஹெலிகாப்டரில் போகிறதென்றும், ஐசுக்கார மாமனிடம் நல்ல பெட்டி இருப்பதாக ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்கள் என்றும் சொன்னார். சுற்றி நின்ற மாட்டுக்காரர்கள் நெருங்கி வந்தார்கள்.

மாமன் நிமிர்ந்தார். ஓராண்டாக அவர் முகத்தில் நான் காணாத தெளிவு வந்தது. "ஜீப்புல ஏறுங்க தம்பி, நானே வந்து கட்டித் தாறேன். இல்ல, ஐசு இங்கயே இருக்குது, இங்கயே போட்டுத் தாறேன், அங்க போயிப் புட்டிய மட்டும் உள்ள வெச்சுக்குங்க." குச்சி ஐசையெல்லாம் எடுத்துச் சாக்கில் கொட்டினார். பெட்டியைக் கழுவினார். பாளத்தை உடைத்தார். "போன வருசமும் இதே பெட்டிதானுங்க போச்சு. மலை போயிச் சேர்ற வரைக்கும் ஒரு சொட்டுக் கரையல. கேட்டுப் பாருங்க என்ற மாப்ளைய. அவருதான் கொண்டுபோனது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமன் கை உப்புச் சட்டிக்குள் போயிருந்தது.

எவரோ ஒருவர், எவர் வீட்டுப் பிள்ளையோ, மரத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கிறார். என்னருகே நிற்பவர் என் தாயின் தம்பி. இருவரையும் காக்கும் சொல் ஒன்றை அருளுமாறு வேண்டினேன். அப்படி ஒரு சொல் இல்லை.

"உப்பு வேண்டாமுங்க மாமா," என்றேன்.

கை நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. விலக்கியிருந்தால் வேறு காரணம் இருக்கக்கூடும் என்று அவர் எண்ண இடமிருந்திருக்கும். கையிலிருந்த கல்லுப்பைச் சட்டியிலேயே விட்டார். ஒரு கல்லும் ஒட்டியிராதபடி குடத்து நீரில் கையைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். பிறகு வெறும் பனிக்கட்டியைப் போட்டு, அதன்மேல் வேறொரு சாக்கை இரண்டாக மடித்து விரித்து, "துணி நல்லாத் தடிமனாச் சுத்துங்க தம்பி," என்று சொல்லிக் கொடுத்தார். ஜீப் போயிற்று. கூட்டமும் மாடுகளைப் பார்க்கக் கலைந்தது.

சாக்கில் கொட்டிய ஐசுகள் இளகி, சிவப்பும் மஞ்சளுமாய் மண்ணில் ஒழுகின. மாமன் அதைப் பார்த்தபடி முக்காலியில் அமர்ந்தார்.

"அம்மிணிக்குத் தெரியுமா மாப்ளே?"

"தெரியாதுங்க மாமா. தொங்குனது உங்க ரத்தம்னே நெனச்சுட்டிருந்தா."

"அப்ப அது என்றதில்ல," என்றார். அது கேள்வியன்று.

மரம் விழுந்த அந்த மனிதர் பிழைத்தார் என்று சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கேட்டறிந்து, நானே போய் மாமனிடம் சொன்னேன். அவர் அப்போது பெட்டிக்குள் ஐசு அடுக்கிக்கொண்டிருந்தார். "நல்லாருக்கட்டும்," என்றார். குச்சிகளை வரிசையாய் நிறுத்தினார். பனிக்கட்டியைச் சுற்றிலும் இட்டார். உப்பை எடுத்தார். தூவாமல் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் நீட்டிக் காட்டினார்.

"இத்தனூண்டுதான் மாப்ளே போட்டேன்," என்றார்.